கிழங்குக்கு எந்த ஊர்?

சாந்தோமில் குடியிருப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சரித்திரத்தைத் தேடி அவன் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தால் போதும். கடற்காற்று வருகிற ஜன்னல், புத்தகம் கிடக்கிற மேஜை, துணிமணி வைத்திருக்கும் அலமாரி, அதைப் பூட்டும் சாவி ஆகிய நாலு வார்த்தைகளும் போர்ச்சுகீசியர் விட்டுப் போனவை. 1520-களில் இந்தக் கரையில் குடியேறிய பறங்கிகள் மாதா கோயில் கட்டினார்கள், வியாபாரம் செய்தார்கள், சண்டையும் போட்டார்கள். கோட்டை போயிற்று, அதிகாரம் போயிற்று, சாவி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அன்னாசிப் பழம் என்கிறோமே, அந்த அன்னாசியும் அவர்கள் வாய்ச்சொல்தான்.

உருளைக்கிழங்கு மட்டும் அப்படியில்லை. மராத்திக்காரர் போர்ச்சுகீசியரிடம் கேட்டுக்கொண்டபடியே இன்றும் அதை 'படாடா' என்கிறார். நாமோ, பறங்கியோடு அக்கம்பக்கமாக வாழ்ந்தும் அந்த வார்த்தையைத் தொடவில்லை. உருண்டையாக இருக்கிறது, கிழங்காக இருக்கிறது, ஆகவே உருளைக்கிழங்கு என்று நாமே பேர் வைத்துக்கொண்டோம். இது ஏன் என்று எனக்கு நெடுநாளாக யோசனை. என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன்; பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பாதகமில்லை.

அன்னாசி நம் மண்ணில் காய்த்தது, முந்திரி காய்த்தது, மிளகாய் காய்த்த கதை ஊரறிந்தது. உருளைக்கிழங்கை இந்தக் கடற்கரையில் ஊன்றினால் செடி தளதளவென்று வளரும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இராது. கிழங்கு வைக்க அந்தச் செடி கேட்பது குளிர்ந்த இரவு. இரவின் வெப்பம் இருபது டிகிரியைத் தாண்டினால் அதற்குக் கிழங்கு வைக்கும் எண்ணமே குறைந்துவிடுகிறது. பகலெல்லாம் இலை சேர்த்த மாவுச் சத்தை இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது. சென்னையிலோ தை மாதத்து விடியற்காலையில்கூட வெப்பமானி இருபதைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே இந்தக் கிழங்கு நமக்குக் கடலிலிருந்து வந்து சேரவில்லை, மலையிலிருந்து இறங்கி வந்தது என்பது என் கட்சி. மூட்டையாக வந்தது, வார்த்தையாக வரவில்லை.

பக்கத்து மயிலாப்பூரில் இதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. மாட வீதியில் கூடை கூடையாக உருளைக்கிழங்கு விற்கிறது. ஆனால் எத்தனையோ வீடுகளில் திவசத்தன்று அதற்கு இலையில் இடமில்லை. வாழைக்காய் உண்டு, பாகற்காய் உண்டு, சேப்பங்கிழங்கு உண்டு. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீட்ரூட் எல்லாம் 'இங்கிலீஷ் காய்'. பித்ருக்கள் பறங்கிக்குக் காட்டிய தாட்சண்யத்தை இங்கிலீஷ்காரனுக்குக் காட்டவில்லை போலும்! இத்தனைக்கும் உருளைக்கிழங்கு நம் சுண்டைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் மணத்தக்காளிக்கும் ஒன்றுவிட்ட சகோதரன்தான். சொலானம் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர்.

அந்த இங்கிலீஷ்காரர் ஜான் சல்லிவன். கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த அவர் 1819-ல் நீலகிரி மேல் ஏறினார். குளிர் பிடித்துப்போயிற்று, வீடு கட்டினார், ஏரி வெட்டினார், உதகமண்டலம் என்கிற ஊரையே உண்டாக்கினார். 1820-களில் தம் தோட்டத்தில் ஐரோப்பாவின் காய்கறிகளோடு உருளைக்கிழங்கையும் போட்டார். ராகியும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்த படகர்கள் சீக்கிரத்தில் அதைத் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். 1873-ல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் மலை ரயில் ஏறியது. செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய்ச் சமவெளி முழுவதும் பரவியது. இன்றும் காய்கறிக் கடையில் ஊட்டிக் கிழங்குக்குத் தனி விலை, வடக்கத்திக் கிழங்குக்குத் தனி விலை.

விலை மட்டுமா வேறு? இங்கேதான் விஷயத்துக்கு வருகிறேன். நெல்லை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் முணுமுணுக்கும். உருளைக்கிழங்கோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதன் பிறந்தகம் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலை. அங்கிருந்து ஐரோப்பா போய், முந்நூறு வருஷம் அந்த ஊர்ச் சீதோஷ்ணத்துக்குப் பழகியது. ஐரோப்பாவில் கோடைப் பகல் பதினாறு மணி நேரம். பயிர் நாலைந்து மாதம் சாவகாசமாக நிலத்தில் நிற்கும். நம் வடநாட்டுச் சமவெளியிலோ குளிர்காலத்தில்தான் அதைப் போட முடியும். பகல் பத்துப் பதினொரு மணி நேரம். மூன்று மாதத்துக்குள் விளைந்தாக வேண்டும். 'அப் டு டேட்', 'மேக்னம் போனம்', 'கிரேட் ஸ்காட்' என்று கம்பீரமான பெயர்களோடு கப்பலேறி வந்த ரகங்களை ஒரு நூற்றாண்டு காலம் நாம் வாங்கி வாங்கி ஊன்றினோம். மலையில் சுமாராக விளைந்தன. சமவெளியில் வருஷத்துக்கு வருஷம் இளைத்தன. அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்கு வைரஸ் நோயைக் கொண்டு போய்க்கொண்டே இருந்தது. விதைக் கிழங்கிலேயே நோய் தங்கிவிட்டது.

மலையிலும் நிம்மதியில்லை. 1845-ல் அயர்லாந்தைச் சுடுகாடாக்கிய இலைக்கருகல் நோய் 1870-க்கும் 1880-க்கும் நடுவே இந்தியாவுக்குள் வந்தது. முதலில் அது கால் வைத்த இடம் நம் நீலகிரி. அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் மாண்டதற்குக் காரணம் நோய் மட்டுமல்ல. கிழங்கை வெட்டி நடுவதால் பிள்ளையும் பேரனும் பாட்டனின் அச்சு. ஒரு செடியைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு ஊர் முழுவதையும் கொல்லத் தெரியும். இதற்குச் சர்க்காரின் கல்நெஞ்சமும் சேர்ந்துகொண்டது. அது வேறு கதை.

அச்சை மாற்ற வேண்டுமானால் பூவை நாட வேண்டும். உருளைக்கிழங்குச் செடி பூக்கும், காய்க்கும். சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய், விஷம், உள்ளே நூற்றுக்கும் மேல் விதை இருக்கலாம். ஒவ்வொரு விதையிலிருந்தும் வருகிற செடி ஒவ்வொரு தினுசு. ஆனால் அந்தப் பூ பூக்க நீண்ட பகல் வேண்டும். நம் சமவெளியில், பயிர் செய்யும் குளிர்காலத்தில், செடி பூத்துக் காய்ப்பது அபூர்வம். இதென்ன சங்கடம்! கிழங்கு வேண்டிய இடத்தில் பூ இல்லை. பூ இருக்கிற இடத்தில் நிலம் கொஞ்சம்.

இந்தச் சங்கடத்துக்கு விடை சிம்லாவுக்குப் பக்கத்தில் குப்ரி என்னும் மலைச் சிற்றூரில் கிடைத்தது. 1935-ல் சிம்லாவிலும் குப்ரியிலும் குமாவோனின் பொவாலியிலும் மூன்று சிறு நிலையங்கள் தொடங்கின. யுத்தம் முடிகிற சமயத்தில் பெரிய திட்டம் போட்டார்கள். 1946-ல் டாக்டர் எஸ்.ராமானுஜம் அதை நடத்தி வைக்க நியமனமானார். 1949 ஆகஸ்டில் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பிறந்தது; அவரே முதல் டைரக்டர். 1956-ல் நிலையம் சிம்லாவுக்கு மாறியது. கோடையில் குப்ரி மலையில் நீண்ட பகலில் பூ பூக்கும். அங்கே ஒட்டுச் சேர்ப்பார்கள். பிறந்த குழந்தைகளை ஆயிரக்கணக்கில் சமவெளிக்கு அனுப்புவார்கள். பஞ்சாபில் எது பிழைக்கிறது, பீகாரில் எது பிழைக்கிறது, ஊட்டியில் எது என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் சலித்தெடுத்து ஒன்றுக்குப் பெயர் வைப்பார்கள். ஆயிரத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். நம் நாட்டு ரகங்களுக்கெல்லாம் குப்ரி என்ற இன்ஷியல் வந்தது இதனால்தான். 1963-ல் நீலகிரிக்கென்று 'குப்ரி நீலா' வந்தது. 1968-ல் 'குப்ரி நீலமணி'. 1971-ல் 'குப்ரி முத்து'. சிம்லாவில் உட்கார்ந்துகொண்டு நமக்காக முத்து என்று பெயர் தேடியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ராமானுஜத்துக்குப் பின் வந்த புஷ்கர்நாத் இன்னொரு காரியம் செய்தார். சமவெளியில் அக்டோபரிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை அசுவினி அதிகமில்லை என்று கவனித்தார். அந்த இடைவெளியில் விதைப் பயிரை வளர்த்து, பூச்சி பெருகுவதற்குள் தழையை வெட்டிவிட்டால் விதைக் கிழங்கு நோயில்லாமல் கிடைக்கும். அதுவரை விதைக்கென்று மலையையே நம்பியிருந்த சமவெளி தன் காலில் நின்றது. 1949-50-ல் தேசம் முழுவதிலும் விளைந்தது சுமார் 15 லட்சம் டன். இன்று 5 கோடி டன்னுக்கு மேல். சீனாவுக்கு அடுத்தபடி நாம்தான். இந்தக் கணக்கில் பெரும்பங்கு அந்த மூன்று மாத ஜன்னலுக்குச் சேர வேண்டும்.

இந்தக் கதையில் சென்னைக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார். கோதுமைக்காகவும் நெல்லுக்காகவும் உலகம் கொண்டாடிய எம்.எஸ்.சுவாமிநாதன் முதலில் கைப்பிடித்தது உருளைக்கிழங்கை. கும்பகோணத்தில் பிறந்தவர், 1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சம் அவரை விவசாயப் படிப்புக்குத் திருப்பியது. கோயமுத்தூரில் படித்து, 1947-ல் டில்லிக்குப் போய், போலீஸ் உத்தியோகம் தேடி வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டு, 1949-ல் ஹாலந்து தேசத்து வாகெனிங்கனுக்குக் கப்பலேறினார். யுத்தப் பஞ்சத்தில் ஹாலந்துக்காரர்கள் பயிர் மாற்றுவதை மறந்து, ஒரே நிலத்தில் மீண்டும் மீண்டும் உருளைக்கிழங்கே போட்டிருந்தார்கள். அதன் பலன் தங்க நூற்புழு. ஆண்டிஸ் மலையின் காட்டுக் கிழங்குகளில் இந்தப் புழுவுக்கு அசையாதவை உண்டு. அவற்றின் குணத்தை வீட்டுக் கிழங்குக்குக் கொண்டுவருவதுதான் வேலை. எளிதல்ல. நாம் சாப்பிடும் கிழங்குக்கு 48 குரோமோசோம். காட்டு உறவுகளில் பலவற்றுக்கு 24. ஜாதகம் பொருந்தாத கல்யாணம். அந்தப் பொருத்தத்தையே ஆராய்ந்து 1952-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்காவில் விஸ்கான்சினுக்குப் போய், உறைபனியைத் தாங்கும் காட்டு இனத்தோடு ஒட்டுச் சேர்த்தார். 'அலாஸ்கா பிராஸ்ட்லெஸ்' என்ற ரகத்துக்கு அந்த வேலை அஸ்திவாரமாயிற்று. அங்கேயே வேலை கொடுத்தார்கள். 1954-ல் ஊர் திரும்பினார். இங்கே கட்டக்கில் நெல்லும் டில்லியில் கோதுமையும் அவரை எடுத்துக்கொண்டன. 2023 செப்டம்பரில் சென்னையில் அவர் காலமானபோது உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

ஹாலந்தில் அவர் எதிர்த்து நின்ற அந்தப் புழு, 1961-ல் ஊட்டியில் வந்து நின்றது! இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜோன்ஸ் என்ற நிபுணர் ஒரு வயலில் வேரைப் பார்த்துக் கண்டுபிடித்தார். எத்தனை வருஷமாக மண்ணில் இருந்ததோ. கடுகைவிடச் சிறிய கூடு. அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. உருளைக்கிழங்கின் வேர் பக்கத்தில் வந்து, அதன் கசிவு தன்மேல் பட்டால்தான் முட்டை பொரியும். இல்லையேல் இருபது வருஷமானாலும் தூங்கும். கும்பகர்ணனைக்கூட ஆறு மாதத்தில் எழுப்பிவிடலாம். 1971-ல் நீலகிரி விதைக் கிழங்கு வெளியே போகக்கூடாதென்று சட்டம் வந்தது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1957 முதல் இருந்த ஆராய்ச்சிப் பண்ணையின் முக்கிய வேலை அன்றிலிருந்து இந்தப் புழுவாயிற்று. 1985-ல் 'குப்ரி ஸ்வர்ணா' வந்தது. 1989-ல் 'குப்ரி தென்மலை'. பிறகு 'குப்ரி நீலிமா'. புழுவையும் கருகலையும் தாங்குபவை. ஆனால் நீலகிரி விவசாயி 1968-ல் வந்த 'குப்ரி ஜோதி'யை எளிதில் விட்டுவிடவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் புழு தோற்கலாம். மண்டியில் தோற்றமும் பழக்கமுமே ஜெயிக்கின்றன. ஏலம் கேட்பவர் வேரைப் பார்ப்பதில்லை, கிழங்கைத்தான் பார்க்கிறார். 2018-ல் இதே புழு காரணமாக இமயமலை விதைக் கிழங்குக்கும் தடை வந்தது. ரகங்களுக்கெல்லாம் பெயர் கொடுத்த குப்ரியும் அந்தத் தடைக்குத் தப்பவில்லை. ஊட்டி அரை நூற்றாண்டு பட்ட பாடு இப்போது சிம்லாவுக்குப் பாடமாகியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கிழங்கைப் பிழைக்க வைத்த கதை. பிழைத்த கிழங்கு நல்ல கிழங்கா? அதைத் தீர்மானிக்கிறவர் யார்?

நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேளுங்கள். பொடிமாசுக்கு மாவாக உதிர வேண்டும்; காரக்கறிக்குத் துண்டு துண்டாக நிற்க வேண்டும்; வறுவலுக்கு வெள்ளையாகப் பொரிய வேண்டும். மூன்றும் ஒரே கிழங்கில் கிடைக்காது. மாவுச் சத்து அதிகமானால் உதிரும், குறைந்தால் நிற்கும். உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்; மாவு மிகுந்த கிழங்கு மூழ்கும், நீர் மிகுந்தது மிதக்கும். ஆராய்ச்சிசாலையிலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் விலையுயர்ந்த பாத்திரத்தில்.

வறுவல் கருகுவது வேறு காரணத்தால். குளிரில் வைத்தால் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறுகிறது. சர்க்கரை எண்ணெயில் பட்டதும் கறுக்கிறது. ஐஸ் பெட்டியில் உருளைக்கிழங்கை வைக்காதீர்கள் என்று சொல்வது இதற்குத்தான். விளைகிற நிலத்திலும் இதே நியாயம். ஒரே ரகத்தைப் பஞ்சாபிலும் மால்வாவிலும் போட்டால், பஞ்சாபின் கடுங்குளிர் இரவில் அதற்குச் சர்க்கரை ஏறிவிடுகிறது. மால்வாவில் மாவு ஏறுகிறது. வறுவல் கம்பெனிகள் பெருகிய 1990-களில் அவர்களுக்கென்றே 1998-ல் 'சிப்சோனா' ரகங்கள் வெளிவந்தன. நூறு பங்கில் இருபதுக்கு மேல் திடப்பொருள், சர்க்கரை சொற்பம். அருமையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ஒரு குறை. தொழிற்சாலை தன் தேவையைச் சொன்னவுடன் கிழங்கு அதற்கு ஏற்ப மாறியது. சாப்பிடுகிறவன் உடம்பின் தேவையைச் சொல்ல யாரும் வரிசையில் முன்னால் நிற்கவில்லை.

நமக்கு உருளைக்கிழங்கு தொட்டுக்கொள்ளும் பண்டம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது, மோரில் சத்து இருக்கிறது. ரோஸ்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வாயு என்று பழி போட்டுவிட்டு இரண்டாம் தரம் கேட்போம். பீகாரிலும் வங்காளத்திலும் ஏழை வீட்டில் அது பல நாள் சாப்பாட்டின் பாதி. நூறு கிராம் கிழங்கில் எண்பது பங்குக்குச் சற்றுக் குறையத் தண்ணீர், புரதம் இரண்டு கிராம்தான், வைட்டமின் சி கௌரவமான அளவு, இரும்பு சொற்பம். அந்த இரண்டு கிராம் மூன்று கிராமானால் நமக்குத் தெரியாது. அந்த வீட்டுக் குழந்தைக்குத் தெரியும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டில்லியில் அசிஸ் தத்தா என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் தண்டுக்கீரைக்கு உறவான ஒரு செடியின் விதையிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து உருளைக்கிழங்கில் சேர்த்தார்கள். சிம்லா நிலையமும் கூட நின்றது. 2010-ல் வெளிவந்த முடிவின்படி சில ரகங்களில் புரதம் அறுபது சதவிகிதம் வரை கூடியது. உடனே வாதம் எழுந்தது. மரபணு மாற்றிய உணவு ஆகுமா என்பது ஒரு கட்சி. சொற்பத்தில் அறுபது சதவிகிதம் கூடினாலும் சொற்பம்தானே, பருப்பைக் கொடுத்தால் போதாதா என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கேள்வி நியாயமானது. பருப்பின் விலையைக் கேட்ட பிறகு அதே கேள்வியை யாரும் அவ்வளவு உரக்கக் கேட்க மாட்டார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, அந்தக் கிழங்கு வயலுக்கு வரவில்லை.

மரபணுவைத் தொடாமல் பழைய முறையிலேயே தேடுகிறவர்களும் உண்டு. பெரு தேசத்து லிமாவில் 1971-ல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் ஆண்டிஸ் மலையின் நாட்டு ரகங்களை நாலாயிரத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறது. மஞ்சள், சிவப்பு, ஊதா, கறுப்பு என்று கொலு வைக்கலாம் போல இருக்கும். அவற்றில் இரும்பும் துத்தநாகமும் மிகுந்தவற்றைப் பொறுக்கி ஒட்டுச் சேர்க்கிறார்கள். இங்கே மறுபடியும் பழைய சங்கடம் வந்து நிற்கிறது. இரும்பு வானத்திலிருந்து வருவதில்லை. வேர் மண்ணிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மண்ணில் இரும்பு காட்டிய ரகம் மற்றொரு மண்ணில் வெறுங்கையோடு நிற்கலாம். ஆகவே ஊர் ஊராக ஊன்றிப் பார்த்தாக வேண்டும். சூட்டைத் தாங்கும் ரகமென்று 2006-ல் வந்த 'குப்ரி சூர்யா' போன்றவை இரவின் வெப்பம் இருபதைத் தாண்டினாலும் கிழங்கு வைக்கின்றன. சாந்தோமில் விளையுமா என்று கேட்காதீர்கள். எங்கள் உப்புக் காற்றுக்கும் கடல் மணலுக்கும் இன்னும் யாரும் சூர்ய புத்திரனைப் பெற்றுத் தரவில்லை.

2018-ல் சிம்லா நிலையம் வடநாட்டுச் சமவெளிக்கென்று 'குப்ரி நீல்கண்ட்' என்ற ரகத்தை வெளியிட்டது. தோல் கருநீலம், உள்ளே வெளிர்மஞ்சள். நாவல் பழத்துக்குக் கறுப்பைக் கொடுக்கிற அதே வகைச் சாயப் பொருள் அதில் இருக்கிறது. அது உடம்புக்கு நல்லதென்று சிபாரிசு செய்கிறார்கள். ருசியும் நன்று என்கிறார்கள். சாயம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது. நம் வீடுகளில் உருளைக்கிழங்கை வேகவைத்ததும் செய்கிற முதல் காரியம், சூடு ஆறுவதற்குள் விரலைச் சுட்டுக்கொண்டு தோலை உரித்து எறிவது.